‘பொறுக்கிற சூடு’ என்று எழுத வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சீனி வருத்தம் (நீரிழிவு) உள்ளவர்கள் கால் எரிவுக்கும் விறைப்புக்கும் இரவில் ‘பொறுக்கிற சூட்டில்’ உப்புத் தண்ணீர் எடுத்து இருபது நிமிடம் பாதங்களை ஊற வைக்கலாம் என்று உங்கள் மருத்துவப் பக்கத்தில் ஒரு குறிப்பு வந்திருந்தது. எழுதியவர் நல்லெண்ணத்தோடுதான் எழுதியிருப்பார். மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் அநேகமாக எல்லா வீட்டிலும் பெரியவர்கள் சொல்லும் கைமருந்துதான் அது. ஆனால் அந்த இரண்டு சொற்களை நம்பிக் காலை விட்டு, வலியே தெரியாமல் வெந்து, புண் ஆழமாகி விரலை எடுக்கும் நிலைக்கு வருகிறவர்கள் இருக்கிறார்கள். ஆகவே ‘பொறுக்கிற சூடு’ என்பது எதனால் ஓர் அளவே அல்ல என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறோம். நீளத்தைப் பொறுத்துக்கொண்டு முழுவதையும் பிரசுரிக்க வேண்டுகிறோம்.

தோல் வெப்பமானி அல்ல. வெளியே இருக்கும் பொருள் எத்தனை பாகை என்று அதற்குத் தெரியவே தெரியாது. தான் எத்தனை பாகையில் இருக்கிறது, அது ஏறுகிறதா இறங்குகிறதா, எவ்வளவு வேகமாக மாறுகிறது என்பவைதான் அதற்குத் தெரியும். இதை விடியற்காலையில் வீட்டிலேயே பார்க்கலாம். இரவு முழுவதும் ஒரே அறையில் இருந்த பித்தளைக் குத்துவிளக்கையும் மரக்கதவையும் அடுத்தடுத்துத் தொடுங்கள். விளக்கு சில்லென்று இருக்கும், கதவு அப்படி இராது. இரண்டுமே 28 பாகை செல்சியஸ்தான். கைத்தோல் சுமார் 33 பாகை. பித்தளை கையிலிருந்து வெப்பத்தை விறுவிறென்று இழுத்து உள்ளே அனுப்பிவிடுவதால், தொட்ட இடத்தில் தோல் கிட்டத்தட்ட 28½ பாகைக்கு இறங்குகிறது. மரம் வாங்கிய வெப்பத்தை மேற்பரப்பிலேயே வைத்துக்கொள்வதால் தோல் 32 பாகை அளவிலேயே நின்றுவிடுகிறது. ஆக, நாம் ‘விளக்கின் குளிர்’ என்று சொல்வது நமது விரல் குளிர்ந்த அளவைத்தான்.

வெயிலில் கிடந்து இரண்டும் 45 பாகைக்கு வந்துவிட்டால் கதை திரும்பிவிடும். மரத்தைத் தொட்ட தோல் 36 பாகையோடு நிற்கும், பித்தளையைத் தொட்ட தோல் 44 பாகையைத் தாண்டும். அலுமினியக் குண்டானின் காது கையைச் சுட, அதே அடுப்பிலிருந்து இறக்கிய மண்சட்டியின் விளிம்பை ஒரு கணம் பிடிக்க முடிவதும் இதனால்தான். ஆகவே தொட்டுப் பார்த்து ஒரு பொருளின் சூட்டைச் சொல்ல முயல்கிறவர், அந்தப் பொருள் எதனால் ஆனது என்பதையும் சேர்த்தேதான் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

தோலுக்குள் நடப்பதையும் சொல்ல வேண்டும். குளிரை அறியும் நரம்பு முனைகள் வேறு, சூட்டை அறிபவை வேறு. தோலில் இவை புள்ளி புள்ளியாகப் பரந்திருக்கின்றன. குளிர்ப் புள்ளிகளே எண்ணிக்கையில் அதிகம். குளிர்ச் செய்தி விநாடிக்குப் பத்து மீற்றர் அளவில் ஓடும் நரம்பிழைகளில் போகிறது. இளஞ்சூட்டுச் செய்தி விநாடிக்கு ஒரு மீற்றர் அளவில் ஊர்ந்து போகும் மெல்லிய இழைகளில் போகிறது. வளர்ந்த ஒருவரின் பாதத்திலிருந்து முதுகுத்தண்டு வரை ஏறத்தாழ ஒரு மீற்றர். எனவே பாதத்தின் இளஞ்சூடு மூளைக்குத் தெரியவர ஒரு விநாடிக்கு மேல் செல்லும்.

இந்த முனைகளில் வாயில்களைப் போலத் திறந்து மூடும் புரதங்கள் இருக்கின்றன. டி.ஆர்.பி.வி.1 என்பது சுமார் 43 பாகைக்கு மேல் திறக்கும். மிளகாயின் காரமும் அதே வாயிலைத்தான் திறக்கிறது. பச்சைமிளகாய் அரிந்த கையைச் சுடுதண்ணீரில் கழுவினால் எரிவு கூடுவது அதனால்தான். டி.ஆர்.பி.எம்.8 என்பது சுமார் 26 பாகைக்குக் கீழே திறக்கும், தைலங்களில் உள்ள ‘மென்தோல்’ என்ற பொருள் பட்டாலும் திறக்கும். நெற்றியில் தைலம் தடவினால் குளிர்கிறது என்கிறோம், ஆனால் நெற்றியின் வெப்பநிலை இறங்கியிருக்காது. இந்த வாயில்களையும் தொடுகை அழுத்தத்தை உணரும் பியெஸோ வாயில்களையும் கண்டறிந்ததற்காகவே டேவிட் ஜூலியஸ், ஆர்டெம் படபூட்டியன் இருவருக்கும் 2021இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது.

இரண்டு வாயில்களுக்கும் நடுவே ஒரு சோம்பல் வெளி இருக்கிறது. தோல் 30 முதல் 36 பாகைக்குள் இருக்கும்வரை எந்த வெப்பநிலைக்கும் அது சில நிமிடங்களில் பழகிப்போகும். அந்த எல்லைக்குள் நிமிடத்துக்கு அரைப் பாகையிலும் மெதுவாக மாறினால், நாலைந்து பாகை மாறிய பிறகும் ஒருவருக்குத் தெரியாமல் போகலாம். பழகிப்போவதைக் கண்ணால் பார்க்க மூன்று பேசின் போதும். ஒன்றில் கிணற்றுத் தண்ணீரோடு ஐஸ் கட்டி போட்டுக் குளிராக்குங்கள். இன்னொன்றில் 40 பாகைத் தண்ணீர். நடுவில் வெறும் கிணற்றுத் தண்ணீர். ஒரு கையைக் குளிரிலும் மறு கையைச் சூட்டிலும் ஒரு நிமிடம் வைத்துவிட்டு இரண்டையும் நடுப் பேசினுக்குள் சேர்த்து விடுங்கள். ஒரு கை சுடுகிறது என்னும், மறு கை குளிர்கிறது என்னும். ஒரே மனிதரின் இரண்டு கைகள், ஒரே தண்ணீர். உணர்விழந்த பாதம் உள்ளவர் மட்டும் இந்தச் சோதனையைக் காலால் செய்யக் கூடாது.

இதை அடுப்படிக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள். வீட்டில் தண்ணீர் கொதிக்க வைப்பவர் விறகடுப்புக்குப் பக்கத்தில் நிற்பவர். சட்டி இறக்கி, கோப்பை கழுவி அவருடைய கை ஏற்கனவே சூடேறியிருக்கும். அந்தக் கைக்கு 45 பாகைத் தண்ணீர் அவ்வளவு சூடாகத் தெரியாமல் போகலாம். அந்தக் கை ‘சரி’ என்று சொன்ன பேசினுக்குள்தான் மற்றவரின் கால் போகிறது. மண்வெட்டியும் துடுப்பும் பிடித்துத் தடித்த உள்ளங்கைக்கு இன்னும் தாமதமாகத் தெரியும். ஒற்றை விரலை நனைத்துப் பார்ப்பதும் பிழை. இளஞ்சூட்டு உணர்வு பரப்பைக் கூட்டிக் கூட்டி அறிவது. விரலுக்கு வெதுவெதுப்பாகத் தெரிவது முழுக் கைக்குச் சூடாகத் தெரியும். இன்னொன்று: உடம்பில் சூடு குளிரை மிக நுணுக்கமாக அறிவது முகமும் உதடும், மிக மந்தமாக அறிவது பாதம். வயது ஏற ஏற அந்த மந்தம் காலில்தான் கூடுதலாக ஏறுகிறது. சீனி வருத்தமே இல்லாத எழுபது வயதுக்காரரின் பாதம் சொல்லும் ‘பொறுக்குது’ என்ற சொல்லையும் முழுதாக நம்ப முடியாது.

இனிக் கணக்கு. கேத்தலில் கொதிக்கும் தண்ணீர் 100 பாகை, கிணற்றுத் தண்ணீர் 28 பாகை என்று வைத்துக்கொள்வோம். பாதிக்குப் பாதி கலந்தால் 64 பாகை. ஒரு பங்கு கொதிநீருக்கு இரண்டு பங்கு பச்சைத்தண்ணீர் என்றால் 52. நான்கு பங்கு என்றால் 42ஐக் கடக்கிறது. ஐந்து பங்கு விட்டால்தான் 40க்கு வரும், ஆறு பங்குக்கு 38 அளவு. பேசின் கொஞ்சம் வெப்பத்தைக் குடிக்கும் என்றாலும் கணக்கு பெரிதாக மாறாது. அநேக வீடுகளில் ‘ஒரு கேத்தல் சுடுதண்ணிக்கு ஒரு ஜக் பச்சைத்தண்ணி’ என்றுதான் கலக்கிறார்கள். அது ஏறத்தாழப் பாதிக்குப் பாதி.

அந்த வெப்பநிலை தோலை என்ன செய்யும் என்பதை 1947இல் மொரிட்ஸ், ஹென்ரிக்கஸ் என்ற ஆய்வாளர்கள் அளந்து வைத்திருக்கிறார்கள். 44 பாகையில் தோல் வேக ஆறு மணித்தியாலம் வேண்டும். 49 பாகையில் பத்து நிமிடத்துக்குள். 55இல் அரை நிமிடம் அளவு. 60இல் ஐந்து விநாடி. ‘இருபது நிமிடம்’ என்ற உங்கள் குறிப்பின் சொல்லை இந்த வரிசையின் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டுகிறோம். தண்ணீர் ஆற ஆறக் கேத்தலிலிருந்து மேலும் மேலும் ஊற்றுகிற வழக்கம் இதைவிடக் கெட்டது. காலுக்கு நேர் மேலே ஊற்றும் அந்தக் கணத்தில் அந்த இடத்தில் படுவது கலவாத கொதிநீர்.

நல்ல நரம்பு உள்ளவர் 60 பாகைத் தண்ணீரில் காலை விட்டால் விட்ட வேகத்தில் இழுத்துக்கொள்வார். மிகுந்த சூடு பட்ட முதல் கணத்தில் சிலருக்குக் குளிர்ந்ததுபோல் ஓர் உணர்வு வரும். குளிர் நரம்புகளில் சில 45 பாகைக்கு மேல் மறுபடியும் துடிப்பதே காரணம். அது கணநேரம்தான், உடனே வலி வந்துவிடும். சீனி வருத்தம் பல வருடம் கட்டுப்பாடில்லாமல் இருந்தவருக்கு அந்த வலி வராமலே போகலாம். நீளமான நரம்புகள் நுனியிலிருந்து சாவதால் கால் விரல்கள்தான் முதலில் உணர்விழக்கும். சூட்டையும் வலியையும் ஏந்தும் மெல்லிய இழைகள் பலருக்கு முதலில் போகும். தொட்டால் தெரிகிறதே, ஆகவே என் காலுக்கு ஒன்றுமில்லை என்று அவர்கள் நினைப்பது இதனால்தான். தொடுகையைச் சுமக்கும் இழை வேறு, சூட்டைச் சுமக்கும் இழை வேறு. இதோடு இரத்தக் குழாய்கள் ஒடுங்கியிருந்தால் இன்னோர் ஆபத்து: சாதாரணமாக ஓடும் இரத்தம் தோலின் சூட்டை அள்ளிக்கொண்டு போய்விடும். அந்த ஓட்டம் குறைந்த காலில் சூடு பட்ட இடத்திலேயே தங்கி வேக வைக்கிறது, வெந்த புண்ணும் ஆறுவதில்லை.

எரிகிற கால் எப்படி உணர்விழந்த காலாகும் என்று கேட்பார்கள். பழுதான நரம்பு சும்மா இருக்கும்போது பொய்யான எரிவைச் சொல்லிக்கொண்டிருக்கும், உண்மையான சூடு பட்டால் பேசாமல் இருக்கும். கால் எரிகிறது, ஊற வைத்தால் சுகமாக இருக்கும் என்று போகிறவரே மிக ஆபத்தில் உள்ளவர்.

சரியான முறை சுருக்கமானது. பாதத்தை ஊற வைக்கவே தேவையில்லை. ஊறிய தோல் வெளிறி மென்மையாகி வெடிக்கும், வெடிப்பால் கிருமி போகும். தினமும் கழுவினால் போதும், தண்ணீர் 37 பாகைக்கு மேற்படக் கூடாது. எங்கள் ஊரில் வெறும் கிணற்றுத் தண்ணீரே தாராளம். மாரி காலத்துக் கூதலுக்காகச் சூடாக்கத்தான் வேண்டும் என்றால், முதலில் பச்சைத்தண்ணீரை ஊற்றி, பிறகு சுடுதண்ணீரை விட்டு, ஒரு தடியால் அடிவரை கலக்குங்கள். சுடுதண்ணீர் மேலே மிதக்கும், கலக்காவிட்டால் மேலே ஒரு சூடும் கீழே ஒரு சூடும் இருக்கும். பிறகு வெப்பமானியால் பாருங்கள். காய்ச்சல் பார்க்கும் வெப்பமானி 42 பாகைக்கு மேல் காட்டாது, கண்ணாடியாக இருந்தால் உடைந்தும் போகும். அதை வைத்து இதைப் பார்க்க வேண்டாம். சமையலுக்கு விற்கும் முள்வடிவ டிஜிட்டல் வெப்பமானியோ, பாடசாலை ஆய்வுகூடங்களில் இருப்பதுபோன்ற 0 முதல் 100 வரையுள்ளதோ போதும். எதுவும் இல்லையென்றால், உணர்வு நன்றாக உள்ள இன்னொருவர், அடுப்படியில் நிற்காத ஒருவர், தன் முழங்கையை விட்டுப் பார்த்துச் சூடே தெரியவில்லை என்று சொன்னால் மட்டும் கால் வைக்கலாம். கழுவிய பின் விரல் இடுக்குகளைத் துவாயால் ஒற்றித் துடைக்க வேண்டும். கிறீம் பூசினால் இடுக்குகளை விட்டுப் பூச வேண்டும்.

வென்னீர்ப் பை, சூடாக்கிய செங்கல், உப்பு ஒத்தடம் எதுவும் உணர்விழந்த காலுக்கு ஆகாது. மோட்டார் சைக்கிள் சைலன்சரும், நண்பகல் தார் வீதியும், கல்லடி, பாசிக்குடாக் கரை மணலும் அப்படியே. உச்சி வெயிலில் காய்ந்த மணல் 50 பாகையைத் தாண்டுவது சாதாரணம். கச்சான் காற்று வீசும் மாதங்களில் காற்று முகத்தைச் சுடுவதை எல்லோரும் பேசுகிறோம், பாதத்துக்குக் கீழே இருக்கும் சூட்டைப் பேசுவதில்லை. கோயில் வீதியில் வெறுங்காலோடு நிற்பவர்களும், உகந்தை வழியாகக் கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போகிறவர்களும் தங்கள் காலுக்கு உணர்வு இருக்கிறதா என்று புறப்படும் முன்பே பார்த்துக்கொள்வது நல்லது.

தீமிதிப்பைப் பற்றியும் கேட்பார்கள். பாண்டிருப்பு திரௌபதி அம்மன் கோயிலிலும் வேறு அம்மன் கோயில்களிலும் விரதமிருந்து தீயில் இறங்குகிறவர்களின் நேர்த்தியில் நாங்கள் கை வைக்கவில்லை. தோலின் பக்கத்தை மட்டும் சொல்கிறோம். தணல் கடும் சூடானது, ஆனால் கரி இலேசான பொருள், வெப்பத்தை மெதுவாகவே கடத்தும். மேலே படியும் சாம்பல் இன்னும் தடுக்கும். ஒவ்வோர் அடியும் ஒரு விநாடிக்குள் எழுந்துவிடுகிறது. அதே சூட்டில் ஓர் இரும்புத் தகடு இருந்தால் ஓர் அடி கூட வைக்க முடியாது. உணர்வுள்ள கால் விரலிடுக்கில் ஒரு தணல் ஒட்டினால் உடனே தெரியும், தட்டிவிடுவார். உணர்விழந்த காலுக்கு அது தெரியாது. குழி கடந்து வீடு போய்ச் சேரும்வரை அது அங்கேயே இருந்து தோலைச் சுட்டிருக்கும். சீனி வருத்தம் உள்ளவர் இறங்குவதற்கு முன்பு தன் வைத்தியரிடம் காலைக் காட்டுவதும், இறங்கி வந்ததும் வேறொருவர் வெளிச்சத்தில் இரு பாதத்தையும் இடுக்கு இடுக்காகப் பார்ப்பதும் அவசியம்.

காய்ச்சலுக்கும் இதே விதிதான். நெற்றியில் கை வைத்தால் தெரிவது பிள்ளையின் காய்ச்சல் அல்ல, தாயின் கைக்கும் பிள்ளையின் நெற்றிக்கும் உள்ள வித்தியாசம். டெங்கு காலத்தில் தாய்க்கும் காய்ச்சல் என்றால் பிள்ளை சுடாது. கக்கத்தில் வெப்பமானி வைத்தே பார்க்க வேண்டும்.

தொடுகையின் மறு பாதி சொரசொரப்பும் வழுவழுப்பும். கால் உணர்வைச் சோதிக்கும் முறை இதிலிருந்துதான் வருகிறது என்பதால் இதையும் சொல்லியாக வேண்டும். மருதமுனைக் கைத்தறிச் சாரம் ஒன்றை மேசையில் விரித்து, கண்ணை மூடி, விரலை அசைக்காமல் அதன் மேல் வையுங்கள். ஏதோ துணி என்பதற்கு மேல் ஒன்றும் தெரியாது. விரலை ஓர் அங்குலம் இழுங்கள். நூல் தடிப்பா மெல்லிதா, இழை நெருக்கமா ஐதா, கஞ்சி ஏறியிருக்கிறதா என்பது எல்லாம் ஒரே இழுப்பில் வந்துவிடும். ஜேர்மன் உளவியலாளர் டேவிட் காட்ஸ் 1925இலேயே இதைப் பிரித்துக் காட்டினார். கரடுமுரடான பரப்பை விரல் அழுந்தும் இடங்களின் அமைப்பை வைத்து அறிகிறோம், அதற்கு அசைவு அவ்வளவு தேவையில்லை. ஒரு மில்லிமீற்றரில் ஐந்தில் ஒரு பங்கிலும் நுணுக்கமான பரப்பை, விரல் உரசும்போது எழும் அதிர்வை வைத்தே அறிகிறோம். விரல் நின்றால் அதிர்வு நிற்கும், அறிவும் நிற்கும். அழுத்தத்தைச் சொல்லும் மேர்க்கல் முனைகளும், தோலுக்கு ஆழத்தில் வெங்காயம்போல் அடுக்கடுக்காக இருந்து விநாடிக்கு 250 துடிப்பு அளவிலான அதிர்வை மிக நன்றாகப் பிடிக்கும் பசீனியன் உறுப்புகளும் இந்த வேலையைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. அசையும் விரல், 13 நனோமீற்றர் உயரமே உள்ள சுருக்கங்களைக்கூட மழமழப்பான பரப்பிலிருந்து பிரித்தறியும் என்று 2013இல் சுவீடனில் நடந்த ஆய்வு காட்டியது. பலகைக்கு அரத்தாள் பிடிக்கும் தச்சர் கண்ணை விட்டுவிட்டு உள்ளங்கையால் தடவிப் பார்ப்பது சரியான முறை.

சொரசொரப்பும் சூடும் ஒன்றோடொன்று கலந்தும் வரும். வழுவழுப்பான துணி தோலில் அதிக இடத்தில் படுவதால் அதிக வெப்பத்தை இழுக்கிறது, ஆகவே குளிர்ச்சியாகத் தெரிகிறது. பஞ்சு எழுந்த துணி சில நுனிகளில் மட்டும் படுகிறது, இடையில் காற்று நிற்கிறது, வெதுவெதுப்பாகத் தெரிகிறது. ஈரத்தை அறிவதற்கென்று தோலில் ஒரு நரம்பும் இல்லை. குளிர்ச்சியும் துணி ஒட்டும் விதமும் சேர்ந்து வந்தால் மூளை அதை ஈரம் என்று தீர்த்துவிடுகிறது. வாடைக் காற்றடிக்கும் மார்கழி மாலையில் கொடியிலிருந்து எடுத்த சாரம் காய்ந்துவிட்டதா என்று எத்தனை முறை பிடித்துப் பார்த்தாலும் தெரியாமல் போவது இதனால். வீட்டுக்குள் கொண்டுவந்து பத்து நிமிடம் மற்றத் துணிகளோடு ஒரே சூட்டில் வைத்துவிட்டு, அலுமாரியில் இருக்கும் காய்ந்த சாரத்தோடு மாறி மாறிக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். அப்போது தெரியும்.

இனி, வீட்டில் கால் உணர்வைச் சோதிக்கும் முறை. இங்கிலாந்தின் இப்ஸ்விச் நகர வைத்தியர்கள் 2011இல் வெளியிட்ட எளிய முறை இது, கருவி ஒன்றும் வேண்டாம். காலைச் சோதித்துக்கொள்பவர் கால் நீட்டிப் படுத்துக் கண்ணை மூட வேண்டும். எது வலது, எது இடது என்று முதலில் அவருக்குத் தொட்டுச் சொல்லிவிடுங்கள். பிறகு உங்கள் ஆட்காட்டி விரல் நுனியை அவரது கால் விரல் நுனியில் இறகு விழுந்ததுபோல் மெல்ல வைத்து, ஒன்று அல்லது இரண்டு விநாடி இருந்துவிட்டு எடுங்கள். தெரிந்தால் அவர் ‘வலது’ அல்லது ‘இடது’ என்று சொல்ல வேண்டும். வரிசை: வலது பெருவிரல், வலது சிறுவிரல், இடது பெருவிரல், இடது சிறுவிரல், வலது நடுவிரல், இடது நடுவிரல். ஆறு தொடுகை, ஒரு விரலுக்கு ஒரே முறை. ஆறில் இரண்டோ அதற்கு மேலோ தெரியாவிட்டால் அந்தக் கால்கள் ஆபத்தில் உள்ளவை. காலதாமதமின்றிக் கிளினிக்கில் காட்ட வேண்டும்.

இது பிழைத்துப்போவது பெரும்பாலும் அன்பினால்தான். தெரியவில்லை என்றதும் பிள்ளைகள் இன்னும் கொஞ்சம் அழுத்துவார்கள், தட்டுவார்கள், தடவுவார்கள். அழுத்தினால் ஆழத்திலுள்ள முனைகள் விழித்துக்கொள்ளும், தடவினால் அதிர்வு எழும், மேல்தோலின் உணர்வு போயிருந்தும் ‘தெரியுது’ என்ற பதில் வந்துவிடும். ஒவ்வொரு முறையும் ‘இப்ப தெரியுதா அம்மா?’ என்று கேட்பதும் கூடாது. கேள்வியே விடையைக் கொடுத்துவிடும். தொடாமலே சில விநாடி இடைவெளி விட்டுப் பாருங்கள், ஊகித்துச் சொல்கிறவர் அங்கே பிடிபடுவார்.

சூட்டுணர்வைச் சுடுபொருள் எதுவும் இல்லாமலே பார்க்கலாம். கடிதத்தின் தொடக்கத்தில் சொன்ன விளக்கும் கதவும் இங்கே உதவுகின்றன. ஒரு சில்வர் கரண்டியையும் ஒரு மர அகப்பையையும் அரை மணித்தியாலம் ஒரே மேசையில் வையுங்கள். கரண்டியின் குழிந்த பக்கத்தை உங்கள் கை சூடாக்காமல் காம்பின் நுனியில் பிடித்து, அதன் முதுகை அவருடைய புறங்காலில் இரண்டு விநாடி வையுங்கள். பிறகு அகப்பையின் முதுகை. முதலில் கன்னத்தில் இரண்டையும் வைத்துக்காட்டினால் வித்தியாசம் என்னவென்று அவருக்குப் புரியும். வரிசையை மாற்றி மாற்றி எட்டுப் பத்து முறை செய்து பாருங்கள். எது குளிர் என்று கன்னத்துக்குத் தெரிந்து காலுக்குத் தெரியவில்லை என்றால், அந்தக் காலை எந்தச் சூட்டையும் நம்பி விட முடியாது. ஆறு தொடுகையில் தேறியவரும் இதில் தவறலாம், இரண்டும் வேறு வேறு இழைகள் அல்லவா. கிளினிக்கில் 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலோன் இழையாலும், விநாடிக்கு 128 துடிப்புள்ள இசைக்கவையாலும் பார்ப்பார்கள். வீட்டுச் சோதனையில் தேறினாலும் வருடத்துக்கு ஒரு முறை அதையும் செய்துகொள்ள வேண்டும்.

அதே கரண்டியும் அகப்பையும் இன்னொன்றையும் காட்டிக்கொடுக்கும். உடம்பில் வெளிறியோ செம்மையாகவோ ஒரு தழும்பு நெடுநாளாக இருந்து, அந்த இடத்துக்கு மட்டும் சூடு குளிர் தெரியாமல், பஞ்சு நுனி படுவதும் தெரியாமல் இருந்தால் அது தேமல் அல்ல. தேமலில் உணர்வு போகாது. தொழுநோயில் போகும், பெரும்பாலும் சூடு குளிர் உணர்வுதான் முதலில் போகும். தொழுநோயாளருக்கென்று வாவிக்குள் அமைத்த மாந்தீவு வைத்தியசாலை உள்ள மாவட்டம் எங்களுடையது. அந்தப் பெயரைக் கேட்ட பயத்திலேயே தழும்பை மறைப்பவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். இன்றைக்கு இது ஆறு மாதமோ பன்னிரண்டு மாதமோ குளிசை குடித்தால் மாறும் நோய், மருந்து இலவசம், வீட்டிலிருந்தபடியே எடுக்கலாம். மறைத்துவைக்கிற ஒவ்வொரு மாதமும் கை கால் நரம்பைத்தான் தின்கிறது.

ஏற்கனவே சுட்டுவிட்டால்: ஓடும் பச்சைத்தண்ணீரில் இருபது நிமிடம் பிடிக்க வேண்டும். ஐஸ், பற்பசை, தேங்காய் எண்ணெய், மஞ்சள் எதுவும் வேண்டாம். கொப்புளத்தை உடைக்காமல், சுத்தமான துணியால் தளர்வாக மூடி, அன்றைக்கே வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும். ‘நோகவில்லை, நாளைக்குப் பார்ப்போம்’ என்பதை ஏற்க வேண்டாம். நோகாத தீப்புண் ஆழமான புண்ணாக இருக்கலாம்.

அடுத்த மருத்துவப் பக்கத்தில், முந்திய குறிப்பு வந்த அதே இடத்தில், அதே எழுத்தளவில் பின்வருமாறு ஒரு திருத்தம் போட்டுத்தர வேண்டுகிறோம்: “சீனி வருத்தம் உள்ளவர்கள் பாதங்களைச் சுடுதண்ணீரில் ஊற வைக்கக் கூடாது. கழுவும் தண்ணீர் 37 பாகை செல்சியசுக்கு மேற்படக் கூடாது. அதைத் தங்கள் காலால் சோதிக்கக் கூடாது. கால் விரல்களில் மெல்லத் தொட்டால் தெரியாதவர்களும், புறங்காலில் உலோகத்துக்கும் மரத்துக்கும் வித்தியாசம் தெரியாதவர்களும் அருகிலுள்ள கிளினிக்கில் பாதங்களைக் காட்ட வேண்டும்.”

இப்படிக்கு,
பாதப் பராமரிப்பில் பணியாற்றும் இயன்மருத்துவர்கள் இருவர்,
கல்லடி, மட்டக்களப்பு.